ஓராண்டு காத்திருக்கும் தீநுண்மி

தாயிழந்த பூனைக்குட்டிகளைச் சில கிழமைகள் தம் வீட்டில் வைத்து வளர்த்துத் தருவோர் பெரிதும் அஞ்ச வேண்டியது பூனைகளின் வெள்ளணுக்குறை நோய். இதனை உண்டாக்கும் பார்வோ தீநுண்மி, விரைந்து பிளவுறும் உயிரணுக்களிலேயே பெருகும். ஆதலால் குடற்சுவர் சிதைந்து வாந்தியும் கழிச்சலும் மிகும். எலும்பு மச்சை நலிந்து குருதியின் வெள்ளணுக்கள் குன்றும். குட்டி பிழைப்பினும் மாளினும், கழிவோடு வெளியேறிய தீநுண்மி வீட்டில் தங்கிவிடுகிறது. ஓராண்டு வரையிலும் தொற்றும் வலிமையோடு கிடக்கும்.

இவ்வுறுதிக்கு அதன் உடலமைப்பே காரணம். ஏறத்தாழ 20 நானோமீட்டர் குறுக்களவுள்ள இத்துகளில், ஓரிழை டி.என்.ஏ.வைப் புரதக்கூடு இறுகப் பொதிந்துள்ளது. கொரோனா தீநுண்மிக்கு உள்ள கொழுப்புறை இதற்கு இல்லை. அவ்வுறையைக் கரைத்தே வெல்லும் சோப்பும் ஆல்கஹால் கலந்த கைத்தெளிப்பும் ஆகவே இதனிடம் தோற்கின்றன.

புரதக்கூட்டையே தாக்கவல்லது சோடியம் ஹைப்போகுளோரைட்டு. 5 முதல் 6 விழுக்காட்டுச் செறிவுள்ள பிளீச்சு நீர்மம் ஒரு பங்கு, தண்ணீர் 32 பங்கு எனக் கலந்து, பரப்பு 10 நிமிடம் ஈரம் உலராதிருக்குமாறு பூச வேண்டும். கலவை நாளடைவில் வீரியம் இழக்குமாதலின் அன்றன்றே புதிதாகக் கலத்தல் நன்று.

ஆயினும் அழுக்கின்மேல் ஊற்றிய பிளீச்சு, தீநுண்மியை எட்டுமுன் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். சிறுநீர்க் கறையின்மேல் ஊற்றினாலோ அம்மோனியாவுடன் கூடி நச்சுவளி எழும். தீநுண்மியைக் கொல்லாத சோப்பு இவ்விடத்தில் இன்றியமையாததாகிறது: முதலில் சோப்புநீரால் தேய்த்துக் கழுவி அலசுக, பின்னரே பிளீச்சைப் பூசுக. அமிலக் கழிப்பறைத் திரவத்தோடு அதனைக் கலத்தல் ஒருபோதும் ஆகாது. பீனால் கலந்தவற்றையும் விலக்குக. பூனையின் ஈரல் அதனை எளிதில் முறிக்க வல்லதன்று.

மணல்தட்டின் அடிப்புறத்தைச் சாய்த்துப் பார்த்தால் குட்டிகளின் நகம் கீறிய நுண்கோடுகள் தெரியும். அக்கீறல்களுள் படிந்த கழிவைத் தூரிகையும் எட்டாது. அத்தகைய தட்டையும் அட்டைப்பெட்டிகளையும் உறையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்துவதே தக்கது.

இவ்வளவும் செய்தபின்னும் வீடு முற்றும் தூய்மையுற்றது எனத் துணிந்துரைக்க இயலாது. பஞ்சு மெத்தையும் கம்பளமும் பிளீச்சைத் தாங்கா. எனவே தடுப்பூசி முறையாகப் பெற்ற பூனைகளையே அவ்வீட்டில் இனி ஏற்க வேண்டும். ஊசிக்குரிய வயதெய்தாத குட்டிகளுக்கு நோய் நுழையாத வேறொரு வீட்டைத் தேடித் தருவதும் அவற்றை வளர்க்கும் அன்பே ஆகும்.