வணக்கத்தின் நீளம் எவ்வளவு?

இரு கணினி நிரல்கள் தம்முள் உரையாட வேண்டுமாயின் அவற்றிற்கிடையே முன்னரே ஓர் உடன்பாடு இருத்தல் வேண்டும். யார் முதலில் பேசுவது, ஒரு செய்தி எங்கே முடிவது என்பன போன்றவற்றை வரையறுக்கும் அவ்வுடன்பாட்டை நெறிமுறை என்கிறோம். காத்திருந்து விடையளிக்கும் நிரல் வழங்கி. தொடர்புகொண்டு கேட்கும் நிரல் வாங்கி. இவ்விரண்டையும் பைத்தன் மொழியில் எழுதுவது கடினமன்று. ஆயினும், தமிழில் உரையாடும் நிரல்களை எழுதுவோர் முதலில் ஓர் இலக்கண வினாவுக்கு விடை காணுதல் வேண்டும். ஒரு சொல்லின் நீளத்தை எந்த அலகால் அளப்பது என்பதே அவ்வினா.

இணையத்தின் அடிப்படையான டிசிபி நெறிமுறை, அனுப்பிய பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டு சேர்க்கும். ஆனால், ஒரு செய்தி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தை அது காட்டாது. ஆற்றுநீர்போல் அனைத்தும் ஒரே ஒழுக்காகவே வந்து சேரும். எனவே, ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை 4 பைட்டுகளில் எழுதி அனுப்புவது பழகிய வழி.

பணி ஓய்வுக்குப் பின் பைத்தன் கற்ற நான் அவ்வழியையே பின்பற்றினேன். சரத்தின் நீளத்தை 'லென்' என்னும் கட்டளையால் கணக்கிட்டேன். 'ஹலோ' என ஆங்கிலத்தில் அனுப்பியபோது வழங்கி அதனைச் செவ்வனே காட்டியது. 'வணக்கம்' என அனுப்பியபோது 'வண' என்பது மட்டும் திரையில் தோன்றியது. அதன்பின் எதை அனுப்பினும் வழங்கி வாளாவிருந்தது.

காரணம் எண்ணிக்கையில் இருந்தது. இலக்கணப்படி 'வணக்கம்' ஐந்தெழுத்துச் சொல். யுனிகோடு புள்ளியைத் தனிக் குறியாகக் கொள்வதால் அங்கு அது 7 குறிகளாகிறது. யுடிஎப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் பெறுவதால், கம்பியில் செல்வன 21 பைட்டுகள். ஆங்கில 'ஹலோ'வுக்கோ மூன்று கணக்கிலும் விடை ஐந்தே. ஆகவே, ஆங்கிலத்தால் மட்டும் சோதிப்பவர் கண்ணுக்கு இப்பிழை புலப்படுவதில்லை.

என் நிரல் நீளம் 7 என அறிவித்தது. வழங்கி 7 பைட்டுகளை எடுத்தது. அவற்றுள் இரண்டு குறிகளும் மூன்றாவதன் ஒரு துண்டும் இருந்தன. பிழையான பைட்டுகளைப் புறக்கணிக்குமாறு நானே எழுதியிருந்தமையால் அத்துண்டு ஓசையின்றி மறைந்தது. எஞ்சிய 14 பைட்டுகளுள் முதல் நான்கை அடுத்த செய்தியின் நீளம் என்று வழங்கி எண்ணிற்று. அந்நான்கும் சேர்ந்து தரும் எண் 292 கோடிக்கும் மிகுதி. அத்தனை பைட்டுகள் வருமென்றே வழங்கி காத்திருந்தது.

திருத்தம் எளிது. 2008இல் வெளிவந்த பைத்தன் 3 எழுத்துச் சரத்தையும் பைட்டுத் தொடரையும் வெவ்வேறு வகைகளாகப் பிரித்துள்ளது. அனுப்புமுன் சரத்தை 'என்கோட்' கட்டளையால் பைட்டுகளாக்கி, அதன் பின்னரே நீளத்தை எண்ணுக. பெறும்போது அறிவித்த பைட்டுகள் அனைத்தும் வந்து சேர்ந்த பின்னரே 'டிகோட்' கட்டளையால் எழுத்தாக்குக. இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி நெறிமுறையும் உள்ளடக்க நீளத்தைப் பைட்டுகளிலேயே குறிக்கிறது.

மற்றொன்றும் நினைவிற்கொள்ளத்தக்கது. 1024 பைட்டுகள் பெறுக எனக் கட்டளையிட்டால், அது மேல்வரம்பேயன்றி உறுதிமொழியன்று, குறைவாகவும் வரலாம். முழுமையாக வந்தாலும், இடைவெளியற்ற தமிழ்த் தொடரில் 341 குறிகள் 1023 பைட்டுகளில் அடங்க, 342ஆவது குறி ஒரு பைட்டோடு அறுபட்டு நிற்கும். துண்டு துண்டாக எழுத்தாக்கும் நிரல் அவ்விடத்தில் பிழைபடும். ஆதலின், தேவையான அளவு நிறையும்வரை திரும்பத் திரும்பப் பெறுதல் வேண்டும். வெற்றுப் பைட்டுத் தொடர் வந்தால் மறுமுனை தொடர்பை முடித்துக்கொண்டது என அறிக.

பிழையான பைட்டுகளைப் புறக்கணிக்கும் வழக்கத்தை நம் மாணவர்கள் கைவிடல் வேண்டும். நிரல் நின்றுபோனால் பிழை தெரியவரும். எழுத்துகள் ஓசையின்றி மறைந்தால் ஒருவர் பெயர் குறைபட்ட வடிவிலேயே பதிவேட்டில் நிலைத்துவிடும். ஆகவே, நீங்கள் எழுதும் வழங்கிக்கு முதற்சோதனையாக ஆங்கிலச் சொல்லை அன்று, புள்ளியும் உயிர்மெய்யும் விரவிய தமிழ்ச் சொல் ஒன்றை அனுப்பிப் பாருங்கள்.