ஃபைல் பூட்டியிருந்தும் ரகசியம் கசிவது எப்படி? தேடல் இண்டெக்ஸில் இருக்கும் ஓட்டை

நாகர்கோவிலில் 60 பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். எல்லா ஃபைல்களையும் ஒரே இடத்தில் தேடும் வசதி புதிதாக வந்திருக்கிறது. விற்பனைப் பிரிவு ஊழியர் ஒருவர் ‘சம்பளம்’ என்று டைப் செய்கிறார். சம்பளப் பட்டியல் முதலில் வந்து நிற்கிறது. கிளிக் செய்தால் ‘அனுமதி இல்லை’ என்கிறது. ஆனால், தலைப்புக்குக் கீழே தெரியும் இரண்டு வரி முன்னோட்டத்திலேயே மேனேஜரின் சம்பளம் தெரிந்துவிட்டது. ‘மக்கா, விஷயம் தெரியுமா?’ என்று சாயாக்கடை வரை செய்தி போக எவ்வளவு நேரமாகும்?

எங்கே தப்பு?

தேடும்போது கணினி ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்ப்பதில்லை. எந்தச் சொல் எந்த ஃபைலில் இருக்கிறது என்று முன்பே எழுதிவைத்த இண்டெக்ஸைத்தான் பார்க்கிறது. அதைத் தயாரிக்கும் மென்பொருளுக்கு எல்லா ஃபைலையும் படிக்க அனுமதி உண்டு. அனுமதி விவரம் இண்டெக்ஸில் இல்லையென்றால், பீரோவைப் பூட்டிவிட்டு உள்ளே இருப்பதை வெளியே எழுதி ஒட்டிய கதைதான்.

என்ன வழி?

ஃபைலை இண்டெக்ஸில் சேர்க்கும்போதே, யார் பார்க்கலாம் என்பதையும் சேர்த்துவிடுவது முதல் வழி. வேகமானது. ஆனால், நேற்று ஒருவரின் அனுமதியை எடுத்திருந்தாலும், இண்டெக்ஸ் புதுப்பிக்கப்படும் வரை அவருக்கு அந்த ஃபைல் தேடலில் வந்துகொண்டே இருக்கும்.

முடிவுகளைக் காட்டும் முன், ஒவ்வொன்றுக்கும் இப்போது அனுமதி இருக்கிறதா என்று ஃபைல் இருக்கும் இடத்திலேயே கேட்பது இரண்டாவது வழி. துல்லியமானது, கொஞ்சம் மெதுவானது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதும் உண்டு.

முன்னோட்ட வரிகள் மட்டுமல்ல, ‘12 முடிவுகள்’ என்ற எண்ணிக்கையும், டைப் செய்யும்போது வரும் பரிந்துரைகளும்கூட வடிகட்டப்பட வேண்டும்.

லிங்க் பூட்டு அல்ல

பொது இணையத்திலும் இதே சிக்கல்தான். 2018 ஜூலையில், லிங்க் மூலம் எவரும் திறக்கும்படி விட்டிருந்த கூகுள் டாக்ஸ் ஃபைல்கள் ரஷ்யாவின் யாண்டெக்ஸ் தேடலில் வந்தன. 2020 பிப்ரவரியில் வாட்ஸ்அப் குழு அழைப்பு லிங்க்குகள் கூகுளில் சிக்கின. அந்தப் பக்கங்களை இண்டெக்ஸில் சேர்க்காதே என்ற குறிப்பை வாட்ஸ்அப் பிறகே சேர்த்தது. அந்தக் குறிப்பும் ஒரு வேண்டுகோள்தான், பூட்டு அல்ல.

உங்கள் ஆபீஸில் இதைச் சோதிப்பது சுலபம். மிகக் குறைந்த அனுமதி உள்ள கணக்கில் நுழைந்து ‘சம்பளம்’, ‘பாஸ்வேர்டு’, ‘ஆதார்’ என்று தேடிப் பாருங்கள். ‘லிங்க் உள்ள எவரும்’ என்று பகிர்ந்த ஃபைல்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ‘யாரு தேடப் போறா?’ என்ற நம்பிக்கை பாதுகாப்பு ஆகாது.