மாட்டுக்குச் செங்கமாரி: ஈரலா, இரத்தமா?

"மாட்டுக்குச் செங்கமாரி, என்ன ஊசி போடலாம்?" என்று இடம்பெயர்ந்து வந்த ஒரு தாய் என்னிடம் கேட்டார். அவரிடம் இருந்தது அந்த ஒரு பசுதான். ஆனால் செங்கமாரி ஒரு நோயல்ல, நோயின் அடையாளம். ஈரல் பழுதானாலும் கண் மஞ்சளிக்கும். உண்ணிக் காய்ச்சலில் இரத்தம் அழிந்தாலும் மஞ்சளிக்கும். ஒன்றுக்குப் போடும் ஊசி மற்றதைக் குணப்படுத்தாது.

மாட்டைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இலாம்பு வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சள்தான். ஜேர்சிக் கலப்பு மாடுகளுக்குத் தோல் இயல்பாகவே மஞ்சள் சாயலாக இருக்கும். ஆகவே கண்ணின் வெள்ளையைப் பாருங்கள்.

அடுத்து, கீழிமையின் உட்புறத்தையும் முரசையும் பாருங்கள். அவை வெளிறி, கடுங்காய்ச்சலும் மூச்சிரைப்பும் இருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அதில் ஒரு வகையில் சலம் கோப்பி நிறமாகப் போகும். மற்ற வகையில் அப்படிப் போகாது. ஒரு துளி இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தே மிருக வைத்தியர் உறுதிசெய்வார்.

முரசு அதிகம் வெளிறாமல் கண் மட்டும் நன்றாக மஞ்சளித்தால் ஈரலைச் சந்தேகியுங்கள். மாடு தீன் எடுக்காது, சாணம் இறுகும், நிழலைத் தேடி ஓடும். மூக்கிலும் வெள்ளைத் தோல் உள்ள இடங்களிலும் தோல் சிவந்து வெடித்து உரியும். புல்லின் பச்சையத்திலிருந்து வயிற்றில் உண்டாகும் ஒரு பொருளை ஈரல் பித்தத்தோடு வெளியேற்ற வேண்டும். ஈரல் தவறினால் அது இரத்தத்தில் தங்கி, வெயில் பட்டதும் தோலைச் சுடும். கறுத்த மாட்டில் இது எளிதில் தெரியாது.

இதற்கு ஒரு முக்கிய காரணம் கைவிடப்பட்ட காணிகளில் மண்டிக் கிடக்கும் நாயுண்ணிச் செடி. அந்த இடத்தில் பழகிய மாடு அதைப் பெரும்பாலும் தொடாது. பசியோடு வந்த புதுமாடு தின்றுவிடும். உண்ணிக் காய்ச்சலும் புதிதாய் வந்த மாட்டையே கடுமையாகத் தாக்கும். ஆகவே நம்முடைய மாடுகளுக்கு இரண்டு ஆபத்தும் உண்டு.

நாயுண்ணி தின்ற மாட்டின் இரைப்பை அசையாமல் நின்றுவிடும். இலை உள்ளேயே கிடக்க, நஞ்சு தொடர்ந்து ஊறும். நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள். மாட்டை நிழலில் கட்டி, தண்ணீர் வைத்து, வைத்தியரை உடனே அழையுங்கள். சலத்தின் நிறம், உண்ணி இருந்ததா, எங்கே மேய்ந்தது என்பவற்றைச் சொல்லுங்கள்.

எலிக்காய்ச்சலாலும் மாட்டுக்குச் செங்கமாரி வரும். அது மனிதருக்கும் தொற்றும். சிவந்த சலத்தை வெறுங்கையால் தொடாதீர்கள், கையில் புண் இருந்தால் கிட்டவும் போகாதீர்கள்.