தாமதமாக வந்தாலும் இடம் உண்டு

பழைய மாணவர் சங்கம் ஒன்றின் இணையதளத்தைக் கவனித்துக்கொள்ளும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். தளம் லைவுக்குப் போய் நெடுநாளாகிவிட்டது. கட்டிக் கொடுத்தவர்கள் இப்போது தொடர்பில் இல்லை. முகப்பில், வரப்போகும் நிகழ்ச்சிகளைக் காட்டும் சின்னப் பகுதி ஒன்று வேண்டும். விசாரித்த இடத்திலெல்லாம் தளத்தை முழுசாகத் திரும்பக் கட்டச் சொல்கிறார்களாம். வேறு வழியே இல்லையா என்று கேட்கிறார்.

இருக்கிறது. சர்வரில் ஏற்றி, ஊரே பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்திலும் புதிய உறுப்பு ஒன்றைச் சேர்க்கலாம். வெப் காம்போனென்ட் என்பார்கள். அடிப்படையில் வேண்டியவை இரண்டு. பக்கத்தில் நீங்களே பெயர் வைத்த ஒரு டேக்; அந்த டேக் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. ரியாக்ட், ஆங்குலர் எதுவும் கட்டாயமில்லை. பக்கம் பிஎச்பியில் எழுதப்பட்டதா, வேர்ட்பிரஸ்ஸில் உருவானதா என்பதும் பொருட்டில்லை. வேலையைச் செய்யப்போவது உலாவி.

கூகுளில் பணியாற்றிய அலெக்ஸ் ரஸ்ஸல் 2011இல் இந்த யோசனையை முன்வைத்தார். குரோம் 2014இல் ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தது. மற்ற உலாவிக்காரர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. பேசித் திருத்திய இரண்டாம் வடிவம் 2016இல் குரோமிலும், 2017இல் சஃபாரியிலும், 2018 அக்டோபரில் ஃபயர்ஃபாக்ஸிலும், 2020 ஜனவரியில் எட்ஜிலும் வந்து சேர்ந்தது. இன்று யூடியூப் பக்கமும், உலாவியிலேயே ஓடும் ஃபோட்டோஷாப்பும் இந்த முறையைப் பயன்படுத்துகின்றன. பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரிய வித்தை என்று நினைத்துவிட வேண்டாம். நோட்பேடில் எழுதி முடித்துவிடக்கூடிய வேலை இது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, தனக்குத் தெரியாத டேகை உலாவி நடத்தும் விதம். பிழை என்று கூச்சல் போடாது. டேகை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் காட்டிவிட்டுத் தன் போக்கில் நகரும். 1995இல் வெளியான எச்டிஎம்எல் 2.0 வரையறையிலேயே இந்தப் பெருந்தன்மை இருக்கிறது. வெப் காம்போனென்ட் அதன்மேல்தான் நிற்கிறது.

தெரியாத டேக்குகளையும் உலாவி இரண்டு வகையாகப் பிரிக்கிறது. பெயரில் இணைகோடு இல்லையென்றால் அது அடையாளமே இல்லாத உறுப்பு; கடைசிவரை அப்படியேதான் இருக்கும். பெயரின் நடுவே இணைகோடு இருந்தால் கணக்கு மாறுகிறது. இவருக்கான வரையறை இன்னும் வரவில்லை, வரக்கூடும் என்று உலாவி எடுத்துக்கொள்கிறது. எச்டிஎம்எல் தரநிலை இனித் தன் சொந்த டேக் எதற்கும் இணைகோடு வைக்காது என்பது ஏற்பாடு. எஸ்விஜி, மேத்எம்எல் ஆகியவற்றிலிருந்து வந்த 8 பழைய பெயர்கள் மட்டும் விலக்கு. ஆகவே நீங்கள் இன்று வைக்கும் பெயர் நாளைய அதிகாரபூர்வ டேக்கோடு மோதாது. முதல் எழுத்து ஆங்கிலச் சிறிய எழுத்தாக இருக்க வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்து எங்குமே கூடாது. அதன் பிறகு வரும் எழுத்துகள் தமிழாகவும் இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது, பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார் என் அப்பா. ஆள் ஏறி வரும்வரை துண்டுதான் ஆளுக்குச் சாட்சி. இணைகோடு உள்ள டேகும் அப்படிப்பட்ட துண்டுதான். பக்கத்தில் பத்து இடத்தில் போட்டிருந்தாலும் உலாவி ஒன்றைக்கூட எடுத்து எறியாது. ஸ்கிரிப்ட் எப்போது வந்து, இந்தப் பெயருக்கு இதுதான் வரையறை என்று பதிவு செய்கிறதோ, அப்போது உலாவி பக்கத்தை மேலிருந்து கீழாகத் தேடி, அந்தப் பெயரில் நிற்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் வரிசையாக உயிர் கொடுக்கும். இதைத்தான் அப்கிரேடு என்கிறார்கள்.

அந்த அப்கிரேடு நடக்கும் விதம் இன்னும் வியப்பானது. ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் ஓடினால் புதிய பொருள் ஒன்று பிறக்கும். இது அந்த மொழி தெரிந்த எல்லோரும் அறிந்த விதி. இங்கே அப்படிப் பிறப்பதில்லை. கன்ஸ்ட்ரக்டர் தன் தாய் கிளாஸைக் கூப்பிட்டவுடன், ஏற்கெனவே பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும் பழைய உறுப்பையே எடுத்து அதன் கையில் கொடுக்கிறது உலாவி. உறுப்பு அதே உறுப்புதான். திறமை மட்டும் புதிது. அதனால் உள்ளே இருந்த எழுத்தும் படமும் அழிவதில்லை. யாராவது முன்பே அதன்மீது கிளிக் நிகழ்வைக் கட்டியிருந்தால் அதுவும் அறுந்துபோவதில்லை. கன்ஸ்ட்ரக்டர் முடிந்ததும், கவனிக்கச் சொல்லிவைத்த பண்புகளின் மதிப்பு ஒவ்வொன்றாகத் தெரிவிக்கப்படும். அதன் பிறகு, பக்கத்தில் சேர்ந்தாயிற்று என்ற அழைப்பு வரும்.

தாமதத்தால் ஒரு லாபமும் உண்டு. வரையறை முன்கூட்டியே வந்துவிட்டால், உலாவி தொடக்க டேகைப் படித்த உடனேயே அந்தச் சேர்ந்தாயிற்று அழைப்பு போய்விடும். அப்போது உள்ளே எட்டிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது, ஏனென்றால் உள்ளடக்கத்தை உலாவி இன்னும் படிக்கவில்லை. இந்த இடத்தில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் டெவலப்பர்கள் நிறைய. ஸ்கிரிப்டை மாட்யூல் வகையாகச் சேர்த்தால், பக்கம் முழுவதும் படித்து முடிந்த பிறகே அது ஓடும். பக்கத்தில் எழுதப்பட்ட உறுப்புகள் அப்கிரேடு ஆகும்போது உள்ளடக்கம் அத்தனையும் தயாராக இருக்கும். லைவில் உள்ள பக்கத்துக்குப் பின்னால் சேர்ப்பவருக்கு இதுவே நல்ல வழி.

சேர்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில. டேகை முறையாக மூடுங்கள். சாய்கோடு போட்டுத் தானாக மூடிக்கொள்ளும் எழுத்துமுறை இங்கே செல்லாது. உலாவி அந்தச் சாய்கோட்டைக் கண்டுகொள்ளாமல், அடுத்து வரும் பக்கத்தையெல்லாம் அந்த டேகின் வயிற்றுக்குள் தள்ளிவிடும். ஒரு பெயருக்கு ஒரு பக்கத்தில் ஒரே வரையறைதான். இரண்டாவது முறை பதிவு செய்தால் பிழை எழும், முதல் வரையறையை நீக்கவும் முடியாது. அதனால் பெயரின் முன்பகுதியில் உங்கள் தளத்துக்கே உரிய அடையாளம் ஒன்றை வையுங்கள். பழைய பக்கத்தின் சிஎஸ்எஸ் உங்கள் உறுப்பைக் கலைக்காமல் இருக்க, அதன் உட்பகுதியைத் தனியே பிரித்துவைக்கும் ஷேடோ டாம் உதவும். எழுத்துரு, எழுத்தின் நிறம் போல மரபாக இறங்குபவை மட்டும் உள்ளே வரும்; அது நல்லதுதான், புதியது பழையதோடு ஒட்டி நிற்கும். வரையறை வரும்வரை உறுப்புக்குக் குறைந்தபட்ச உயரம் கொடுத்துவையுங்கள். இல்லையென்றால் படித்துக்கொண்டிருப்பவரின் கண்ணெதிரே பக்கம் திடீரென்று கீழே சரியும்.

ஸ்கிரிப்ட் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஷேடோ டாம் அழகைக் காக்கும் வேலி. திருடனைத் தடுக்கும் சுவர் அல்ல. வெளித்தளத்திலிருந்து இழுக்கும் ஸ்கிரிப்ட், உங்கள் பக்கத்தில் நீங்கள் செய்யக்கூடிய எதையும் செய்யும். பழைய உலாவிகளுக்குப் புதிய வசதிகளைக் கற்றுத்தந்த பாலிஃபில் டாட் ஐஓ என்ற சேவை 2024 பிப்ரவரியில் கைமாறியது. ஜூன் மாதத்தில் அதே முகவரியிலிருந்து தீங்கான நிரல் பரவியது தெரியவந்தது. அதைச் சேர்த்திருந்த தளங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றை நடத்தியவர்கள் யாரும் புதிதாக எதையும் செய்யவில்லை. என்றோ சேர்த்த ஒரு வரியைத் திரும்பிப் பார்க்காமல் விட்டிருந்தார்கள், அவ்வளவே. காம்போனென்ட் கோப்பை உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து எடுத்தே ஆக வேண்டுமானால், கோப்பு மாறவில்லை என்பதை உலாவி சரிபார்க்கும்படி இன்டெக்ரிட்டி பண்பில் அதன் ஹேஷைக் கொடுங்கள்.

என் பெரிய மனக்குறை வேறு. இத்தனை பொறுமையான ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, பெரும்பாலோர் டேகை வெறுமையாகவே விடுகிறார்கள். ஸ்கிரிப்ட் வந்தால் உண்டு, வராவிட்டால் வெற்றிடம். சிக்னல் ஒற்றைக் கோட்டில் தவிக்கும் இடத்தில், பழைய போனில், அலுவலகத்தின் கடுமையான ஃபயர்வாலுக்குப் பின்னால், ஸ்கிரிப்ட் வராமல் போவது அன்றாடம் நடப்பதுதான். கிட்ஹப் தளத்தைப் பாருங்கள். 2014 முதல் வெப் காம்போனென்ட் பயன்படுத்துகிறார்கள். மூன்று மணி நேரத்துக்கு முன்பு என்பதுபோல நேரத்தைக் காட்ட அவர்கள் உருவாக்கிய டேகுக்குள் சாதாரணத் தேதி எழுத்தாகவே எழுதப்பட்டிருக்கும். ஸ்கிரிப்ட் வந்தால் அந்தத் தேதி, கழிந்த நேரமாக மாறும். வராவிட்டால் தேதி தேதியாகவே நிற்கும். வாசிப்பவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

ஆறு வரிகளில் முடியும் ஒரு வசதிக்காக நல்ல நிலையில் இருக்கும் தளத்தை இடிப்பதும் இதே அலட்சியத்தின் இன்னொரு முகம். இடிக்கும்போது பழைய இணைப்புகள் உடைகின்றன. தேடிவந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள். சிறிய அமைப்புகளின் பணம் வீணாகிறது. தாமதமாக வருபவருக்கும் இடம் வைத்திருக்கும் ஊடகம் இது. அந்த அருமையை நாம்தான் மறந்துவிடுகிறோம்.

கடிதம் எழுதிய நண்பருக்கு: தளத்தை இடிக்காதீர்கள். முதலில் ஒரு பிரதி எடுத்து, அதில் செய்து பாருங்கள். நிகழ்ச்சிகளின் பெயரையும் தேதியையும் இடத்தையும் சாதாரணப் பட்டியலாக எழுதி, அதைச் சுற்றி உங்கள் டேகைப் போட்டு மூடுங்கள். ஸ்கிரிப்டை மாட்யூலாகச் சேருங்கள். பிறகு உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு ஒருமுறை பக்கத்தைத் திறந்து பாருங்கள். அடுத்த கூட்டம் எந்த நாளில், எங்கே என்று அப்போதும் படிக்க முடிந்தால், தயங்காமல் லைவில் ஏற்றலாம்.