நிதானம்

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரையில், வாவிப் பக்கமாகச் சரிந்து இறங்கும் ஒரு குறுக்குத் தெருவில், எங்கள் வீட்டுக்கு மூன்று வளவு தள்ளியிருக்கும் வீட்டுச் சிறுமி, சென்ற ஆண்டு கச்சான் காற்று அனலாய் வீசிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், தன் வெள்ளை முசலைத் துவாயில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி ஓடிவந்து, "மாமா, இஞ்ச பாருங்க, ரத்தமாப் போகுது" என்று சொல்லி நின்ற காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை. பின்னாலேயே வந்த அவளுடைய அம்மம்மா, துவாயிலிருந்த செந்நிறக் கறையை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, "ஒண்டுமில்ல மனே, அது சூடு, இளநி குடுத்தாச் சரியாப் போயிரும்" என்று பேத்தியைத் தேற்றினார்.

அம்மூதாட்டியின் வாக்கைப் பேதைமை என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. தின்ற தழையிலுள்ள நிறப்பொருள்களால் முசலின் சிறுநீர் மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும், சில வேளைகளில் குருதியென்றே மயங்கத்தக்க சிவப்பாகவும் மாறுவதும், இரண்டொரு நாளில் தானே தெளிந்துவிடுவதும் இயல்பாதலால், அச்சம் எப்போதும் அறிவாகிவிடுவதில்லை. ஆயினும் தேறுதலும் அறிவாகிவிடுவதில்லை. என்ன மருந்து கொடுப்பது என்ற கேள்விக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி, இது குருதிதானா என்பது. மனிதருடைய சிறுநீரைச் சோதிக்கும் அதே சோதனைப் பட்டி இதற்கும் போதும். ஆய்வுகூடமொன்றில் தொழில் செய்யும் இளைஞர் ஒருவரின் தயவால் அன்றிரவே அது கிடைத்தது. பட்டியின் நிறமும் மாறியது. குருதிதான்.

முசலுக்கு வயது ஐந்து. ஒரு முறையேனும் குட்டி ஈன்றதில்லை. இவ்விரண்டையும் கேட்டவுடன் விஷயம் அறிந்த எந்த மிருக வைத்தியரின் முகமும் சற்றே வாடும். பெண் முசலின் கருப்பையில் தோன்றும் புற்று, அவ்வினத்தின் வியாதிகளுள் மிகச் சாதாரணமானவற்றில் ஒன்று. 1930களில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தின் முசற் கூட்டத்தை ஆண்டுக்கணக்காகக் கூர்ந்து கவனித்துவந்த ஹாரி கிரீன் என்னும் விஞ்ஞானி அதனை விரிவாக எழுதிவைத்தார். சில இனங்களில், நான்கு வயதைக் கடந்த பெண் முசல்களில் பாதிக்கு மேற்பட்டவை இந்நோய்க்கு இலக்காகின்றன என்பது பிற்காலத்தோர் பலரும் கண்ட உண்மை. நோய் மெல்லத்தான் வளரும். மாதக்கணக்கில் கருப்பைக்குள்ளேயே அடங்கியிருந்து, அதன் பின்னரே நெஞ்சறைக்குள் நுரையீரலைத் தேடிச் செல்லும். அந்த இடைக்காலத்தில் கருப்பையை அகற்றிவிட்டால் முசல் பிழைத்துக்கொள்ளும். இளமையிலேயே அகற்றியிருந்தால் நோயே வந்திராது.

அப்படியானால் இவ்வளவு சாதாரணமான வியாதியை நம் ஊரார் கேள்விப்படாதது ஏன்? இறைச்சிக்காகவும் விற்பனைக்காகவும் வளர்க்கப்படும் முசல் நான்கு வயதைக் காண்பதில்லை. காட்டு முசலுக்கும் நரியும் பாம்பும் அவ்வளவு அவகாசம் கொடுப்பதில்லை. ஒரு சிறுமி பெயர் சூட்டி, கீரைத்தண்டு நறுக்கிக் கொடுத்து, மழைக்கு விறாந்தையில் சாக்கு விரித்துக் காப்பாற்றிய முசலே அந்த வயதை எட்டுகிறது. அன்பு ஆயுளை நீட்டுகிறது. நீண்ட ஆயுளோடு முதுமையின் வியாதிகளும் உடன் வருகின்றன. வாவிக்கு மேற்கே படுவான்கரையின் மாடுகளுக்கும் எருமைகளுக்கும் ஊசி போட்டுக் களைத்த மிருக வைத்தியர்களிடம், கைக்குள் அடங்கும் இச்சிறு பிராணிகளைக் கொண்டுசெல்லும் வழக்கம் நம்மிடையே இப்போதுதான் தலைகாட்டுகிறது.

நம்முடைய பேச்சில் உடம்பின் எந்த வீக்கத்துக்கும் 'கட்டி' என்ற ஒரே சொல் போதுமானதாயிருக்கிறது. பழைய வைத்திய நூல்கள் இவ்வளவு சிக்கனம் காட்டவில்லை. கழலை, கிரந்தி, புற்று என்று வேறுவேறாக வகுத்தன. கிரேக்கர் இந்நோயில் நண்டைக் கண்டு பெயரிட்டனர். நண்டுகள் நிறைந்த வாவிக்கரையில் வாழும் நமக்கு அவ்வுவமை அந்நியமானதன்று. ஆனால் தமிழர் கறையான் புற்றைக் கண்டனர்: மேலே தெரிவது ஒரு சிறு மேடு, கீழே எத்தனை அறைகளோ! அச்சொல்லில் இருக்கும் கூர்மையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது.

கட்டிகளெல்லாம் புற்றாவதில்லை. கினிப்பன்றியின் கழுத்துக்கடியில் எழும் வீக்கம் பெரும்பாலும், முரட்டுத் தண்டு வாயின் உட்புறத்தைக் கீறிய இடத்தின் வழியே கிருமி புகுந்து, நிணநீர்க்கணுவில் சேர்த்த சீழாயிருக்கும். அதே பிராணியின் பின்முதுகில் உருண்டு நிற்பது பெரும்பாலும் மயிர்க்காலிலிருந்து பிறந்த தீங்கற்ற கழலையாயிருக்கும். ஹாம்ஸ்டரின் இரு விலாப்பக்கங்களிலும் தென்படும் கருமையான தடிப்பைக் கண்டு பதறுவோர் உண்டு. அது அப்பிராணியின் இயற்கையான சுரப்பி, நோயே அன்று. பெண் எலிகளில், கழுத்து முதல் தொடையிடுக்கு வரை எங்கும் பரந்துள்ள பாற்சுரப்பித் திசுவில் தோன்றும் கட்டி பெரும்பாலும் தீங்கற்றது, ஆனால் எலியையே விஞ்சும் அளவுக்குப் பெருக்கவல்லது; உருவத்தில் அதற்குத் தம்பி போன்ற சுண்டெலியிலோ, அதே இடத்துக் கட்டி பெரும்பாலும் கொடியதாயிருக்கும். முசலின் தாடையில் கல்போல் இறுகி நிற்பது பல்லின் வேரிலிருந்து வந்த சீழ்க்கட்டியாக இருக்கலாம். அச்சீழ் நம்முடையதைப் போல் ஒழுகுவதன்று, திரைந்த பாற்கட்டியைப் போல் தடித்தது. அதனை வீட்டில் பிளேடு கொண்டு கீறிப் பிதுக்குவோர் முசலுக்கு வேதனையைத் தவிர வேறொன்றையும் கொடுப்பதில்லை.

இதை எழுதும்போது ஒரு பழைய துயரம் மேலெழுகிறது. என் பிள்ளைப் பிராயத்தில் நாங்கள் வளர்த்த கினிப்பன்றிக்குக் கழுத்தில் வீக்கம் கண்டபோது, எங்கள் மீது மிகுந்த பிரியம் கொண்ட உறவினர் ஒருவர், மனிதருக்குரிய பெனிசிலின் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து அதன் வாயில் விட்டார். சில நாட்களில் அது வயிறு கழிந்து மாண்டுபோயிற்று. நோய்தான் கொன்றது என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். கினிப்பன்றியும் முசலும் தம் குடலில் வாழும் நுண்ணுயிர்களைக் கொண்டே புல்லைச் செரிக்கின்றன என்பதையும், வாய்வழி கொடுக்கும் பெனிசிலின் இன மருந்துகள் அந்நுண்ணுயிர்களின் சமநிலையைக் குலைத்து, நஞ்சு சுரக்கும் கிருமிகளுக்கு இடமளித்து உயிரையே வாங்கிவிடும் என்பதையும் அறிந்தபோது, அந்த உறவினர் உயிரோடு இல்லை. அவர் மீது எனக்கு வருத்தமில்லை. நோயின் பெயரை அறியுமுன் மருந்தின் பெயரைத் தேடும் நம் அவசரத்தின் மீதே வருத்தம்.

நோய் இன்னதென்று துணிவதை வடமொழி வைத்திய நூலார் 'நிதானம்' என்றனர். மாதவகரர் இயற்றிய நூலுக்கு அதுவே பெயராயிற்று. அதே சொல் தமிழில் பொறுமையையும் பதற்றமின்மையையும் குறிக்கலாயிற்று. இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் வந்து கூடியதை வெறும் தற்செயல் என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் இச்சிறு பிராணிகளிடத்தில் ஒன்றில்லாமல் மற்றொன்று கைகூடாது. பிறரால் வேட்டையாடப்படும் உயிர்கள் தம் நோவை மறைத்தே பழகியவை, முசல் முனகுவதில்லை. தீனி சற்றுக் குறைவதும், புழுக்கை சிறுப்பதும், மூலையில் குந்திப் பல்லை நறநறப்பதுமே அதன் முறைப்பாடுகள். வாவியின் நிலாக்கால இரவுகளில், தோணியின் துடுப்பை நீரில் தாழ்த்தி மறுமுனையைக் காதில் வைத்து மீன்களின் இசையைக் கேட்கும் பழக்கம் நம்மவருக்கு உண்டு. முசலின் வயிற்றில் குழல் வைத்துக் குடலின் ஓசை உண்டா என்று கேட்கும் வைத்தியரைக் காணும்போது எனக்கு அந்தத் துடுப்பே நினைவுக்கு வருகிறது. அங்கே மௌனமே ஆபத்து.

கேட்டபின் தொடுதல், தொட்டபின் நுண்ணிய ஊசியால் கட்டியிலிருந்து ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றிப் பார்த்தல். சீழா, கொழுப்பா, வரம்பு மீறிப் பெருகும் உயிரணுக்களா என்பதைப் பல வேளைகளில் அத்துளியே சொல்லிவிடும். சொல்லாதபோது ஒரு துண்டை அறுத்தெடுத்து, அதனைப் போலப் பத்து மடங்கு அளவுள்ள பத்து வீத போமலினில் இட்டு, பனிக்கட்டியில் உறையவிடாமல், நோய்க்குறியியல் அறிஞரிடம் அனுப்பவேண்டும். அவ்வறிஞர்கள் இருப்பதோ மலைக்கு அப்பால். நெடுங்காலமாக இலங்கையின் மிருக வைத்தியர்களைப் பயிற்றிவரும் பீடம் பேராதனையில் இருக்கிறது. மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையமும் அதனருகே கன்னொறுவையில் இருக்கிறது. பேராதனையில் தொடங்கும் ஏ5 நெடுஞ்சாலை பதுளை வழியாக வந்து முடிவது நம் செங்கலடியில்தான் என்றாலும், அச்சாலையின் இரு முனைகளுக்கும் இடையேயுள்ள தொலைவு ஒரு நோயுற்ற முசலுக்குப் பெரிது. இங்கேயே, வாவிக்கரையிலேயே, ஒரு நுண்காட்டியும் அதைப் பார்க்கப் பழகிய இரு கண்களும் சிறு பிராணிகளுக்கென்று ஒதுக்கப்படவேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

ஒரு முசலுக்கா இவ்வளவு என்று கேட்போர்க்கு ஒன்று சொல்வேன். 1915இல் ஜப்பானின் யமகிவாவும் இச்சிகாவாவும், முசலின் காதில் நிலக்கரித் தாரை மாதக்கணக்காகத் தடவித் தடவி, வேதிப்பொருளால் புற்று உண்டாகும் என்பதை முதன்முதல் நிரூபித்தனர். 1933இல் ரிச்சர்ட் ஷோப், காட்டு முசலின் தோலில் கொம்புபோல் முளைத்த மருக்களுக்கு வைரஸே காரணமென்று காட்டினார். அம்மருக்கள் புற்றாக மாறுவதைப் பின்னர் ஆராய்ந்தவர் பெய்ட்டன் ரூஸ். கோழியின் புற்றில் வைரஸைக் கண்டமைக்காக அவர் 1966இல் நோபல் பரிசு பெற்றதை உலகம் அறியும். 1936இல் ஜான் பிட்னர், தாய்ச் சுண்டெலியின் பாலோடு புற்றின் காரணமும் குட்டிக்குச் செல்வதைக் கண்டார். புற்றில் மட்டுமன்று, விற்றமின் சி குறைவால் வரும் நோயை 1907இல் நோர்வே அறிஞர் இருவர் பரிசோதனையால் உண்டாக்கிக் காட்டியதும் கினிப்பன்றியில். நம் தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் இன்று கிடைக்கும் புற்றுச் சிகிச்சையின் ஆரம்பப் பாடங்கள் இவ்வெளிய உடல்களின் மீது எழுதப்பட்டவை. அவற்றுக்கு நோய் வரும்போது நாம் காட்டுவது கருணை என்பதைவிடக் கடன் தீர்ப்பது என்பதே பொருந்தும்.

அந்தச் சிறுமியின் முசலைப் பகல் வெயிலுக்கு அஞ்சி இரவு வானில் பேராதனைக்குக் கொண்டுசென்றார்கள். செங்கலடி, மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை என்று ஊர்கள் கழிய, மலையேறும் 18 வளைவுகளிலும் அவள் கூடையை மடியில் வைத்துப் பிடித்திருந்தாளாம். முசலால் வாந்தியெடுக்க முடியாதாகையால் அறுவைக்கு முன் பட்டினி போடவேண்டியதில்லை என்று முன்பே சொல்லியிருந்தோம். வழி நெடுகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் கொடுத்துக்கொண்டே போனார்கள். நெஞ்சின் எக்ஸ்-றே படத்தில் நுரையீரல் தெளிவாயிருந்தது. கருப்பையில் ஐயப்பட்டதே இருந்தது, அகற்றினார்கள். சில வாரங்களின் பின் வந்த ஆய்வறிக்கை அதனைப் புற்றென்றும், கருப்பைச் சுவரைத் தாண்டவில்லையென்றும் கூறியது.

இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மம்மாவின் சமையலறைத் தராசில் முசலை நிறுத்து, பாடசாலைக் கொப்பி ஒன்றின் கடைசிப் பக்கத்தில் அவள் எழுதிவருகிறாள். தராசுத் தட்டில் முசல் அசையாதிருக்க, அம்மம்மாவே ஒரு கையால் அதன் காதுகளை நீவிவிடுகிறார். சென்ற ஞாயிறு எழுதியிருந்தது: 2,350 கிராம்.