நீ எந்தத் தேவனின் பிள்ளை?

புதர் சலசலக்கிறது. மாட்டுத் தலையும் மனித உடலும் கொண்ட ஓர் அரக்கன் உறுமிக்கொண்டு பாய்ந்து வருகிறான். எதிரே பத்து வயதுச் சிறுவன் ஒருவன் நிற்கிறான். இடது கையில் கேடயம், வலது கையில் வாள். ஓடுவதா, நின்று எதிர்ப்பதா, பேச்சுக் கொடுத்து ஏமாற்றுவதா? அவனுக்கு யாரும் வசனம் எழுதிக் கொடுக்கவில்லை. அடுத்த காட்சி என்ன என்றும் சொல்லித் தரவில்லை. அவன் என்ன செய்கிறானோ அதுதான் கதை!

வாசகர்கள் பதற வேண்டாம். வாள் வெறும் ரப்பர் நுரையால் ஆனது. அரக்கனின் முகமூடிக்குள் வியர்த்து விறுவிறுத்துக் கொண்டிருப்பவர் ஓர் இளைஞர். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஆஸ்டின் நகரில், 'புக்பீப்பிள்' என்ற புத்தகக் கடைக்காரர்கள் 2006-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் சிறுவர்களுக்காகத் தொடங்கிய முகாமில் விளையாட்டு இந்த வகையைச் சேர்ந்ததுதான். பிற்பாடு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலும் இத்தகைய முகாம் நடந்தது. கிரேக்க புராணத்தைப் படிப்பதற்குப் பதிலாக அதற்குள் புகுந்து வாழ்ந்து பார்க்கும் விளையாட்டு இது.

விளையாடுவது சுலபம். அதைத் திட்டமிடுவதுதான் தலைவலி. அந்தத் தலைவலியின் கதை மிகச் சுவையானது.

மேடையும் இல்லை, பார்ப்பவரும் இல்லை

இந்த வகை விளையாட்டுக்கு மேல்நாட்டில் 'லார்ப்' என்று பெயர். ஆளுக்கொரு வேஷத்தைப் பூண்டு, அந்தப் பாத்திரமாகவே மணிக்கணக்கில், சில சமயம் நாட்கணக்கில் நடமாடுவது. நாடகத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. நாடகத்தில் நடிப்பவர் பத்துப் பேர், பார்ப்பவர் ஆயிரம் பேர். இங்கே பார்ப்பவர் ஒருவர்கூட இல்லை. வந்தவர் அத்தனை பேரும் நடிகர்கள்.

இதன் வம்சாவளி நீளமானது அல்ல. 1974-இல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு வெளிவந்தது. அது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, வாயால் வீரசாகசம் புரியும் விளையாட்டு. உட்கார்ந்திருந்தவர்களுக்கு எழுந்து ஓடவும் ஆசை வந்தது. 1977-இல் வாஷிங்டன் வட்டாரத்தில் நுரை ஆயுதங்களோடு போர் விளையாட்டு பிறந்தது. 1982-இல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியிலுள்ள பெக்ஃபர்ட்டன் கோட்டையில், புதையல் தேடும் விளையாட்டு ஒன்றை நிரந்தரமாகவே நடத்தத் தொடங்கினார்கள். பின்னர் ஸ்வீடன், நார்வே முதலிய வடநாடுகள் இதை ஒரு கலையாகவே வளர்த்துவிட்டன.

மகனுக்குச் சொன்ன கதை

இந்த விளையாட்டுக்குள் கிரேக்க தேவர்கள் குடும்பத்தோடு வந்து சேர்ந்ததற்கு ஒரு தகப்பனாரின் கவலை காரணம்.

டெக்ஸாஸ்காரரான ரிக் ரியோர்டன் பள்ளிக்கூட ஆசிரியர். துப்பறியும் நாவல்களும் எழுதி வந்தார். அவருடைய மகனுக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பது பெரும்பாடாக இருந்தது. ஓரிடத்தில் அமைதியாக உட்காரவும் முடியவில்லை. இரண்டுமே மூளையின் இயல்பில் உள்ள கோளாறுகள் என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். புத்தகம் என்றாலே கசந்த அந்தப் பையனுக்குக் கிரேக்க புராணம் மட்டும் இனித்தது. தகப்பனார் இரவுதோறும் சொன்னார். சரக்கு தீர்ந்து போயிற்று. பையன் விடவில்லை. ஆகவே, இந்தக் காலத்து அமெரிக்கச் சிறுவன் ஒருவனைக் கடல் தேவன் பொசைடனின் மகனாக்கிப் புதுக் கதை கட்டினார். அதுவே 2005-இல் வெளியாகி உலகமெங்கும் சிறுவர்களின் மனத்தைக் கொள்ளை கொண்ட பெர்சி ஜாக்சன் கதை.

அந்தக் கதையில் ஓர் அழகான கற்பனை இருக்கிறது. ஆங்கில எழுத்துக்கள் அவன் கண்ணுக்குத் தாறுமாறாகத் தெரிவானேன்? அவன் மூளை பண்டைய கிரேக்க மொழிக்காக அமைந்தது! ஓரிடத்தில் உட்கார முடியாததேன்? அது போர்க்களத்தில் உயிர் காக்கும் துடிப்பு! வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரன் தேவகுமாரனாகி விடுகிறான். இப்படிப்பட்ட பிள்ளைகள் தங்குவதற்கு ஒரு முகாமும் கதையில் வருகிறது. படித்த சிறுவர்கள் சும்மா இருப்பார்களா? "எங்களுக்கும் அந்த முகாம் வேண்டும்!" என்றார்கள். ஆஸ்டின் கடைக்காரர்கள் அந்த ஆசையைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

முடிவு தெரிந்த கதையில் என்ன விளையாட்டு?

திட்டம் போடுகிறவருக்கு முதல் சங்கடம் விதி. கிரேக்க புராணத்தில் விதியை வென்றவர் இல்லை. தகப்பனைக் கொல்வான் என்று சொல்லப்பட்ட ஈடிபஸ், எவ்வளவு தூரம் ஓடினாலும் கொல்லத்தான் செய்கிறான். டிராய் நகரம் எரிந்தே தீரும். முடிவு முன்பே எழுதப்பட்டிருந்தால் விளையாடுகிறவன் எதற்காக மூளையைக் கசக்க வேண்டும்? இஷ்டப்படி முடியட்டும் என்று விட்டால் அது கிரேக்க புராணமாக இருக்குமா?

இந்தப் பூட்டுக்குச் சாவி புராணக்காரர்களிடமே இருக்கிறது. டெல்பி நகரத்து அப்போலோ கோயிலில் குறி சொல்லும் பெண் ஒருத்தி உண்டு. லிடியா நாட்டு மன்னன் குரோசஸ் பாரசீகத்தின்மீது படையெடுக்கலாமா என்று அங்கே ஆள் அனுப்பிக் கேட்டான். படையெடுத்தால் ஒரு பெரிய சாம்ராஜ்யம் அழியும் என்று பதில் வந்தது. மன்னன் மகிழ்ந்து புறப்பட்டான். குறி பலித்தது. அழிந்தது அவனுடைய சாம்ராஜ்யம்! இதைச் சொன்னவர் சரித்திராசிரியர் ஹெரோடோட்டஸ்.

கெட்டிக்காரத் திட்டக்காரர் இந்த உபாயத்தைத்தான் கையாள வேண்டும். 'மேற்கே போகிறவன் மகுடத்தோடு திரும்புவான். ஆனால் தான் தேடிய மகுடத்தோடு அல்ல' என்று ஒரு குறியை எழுதி வைத்தால் போதும். சிறுவன் அரக்கனை வென்று இலைக் கிரீடம் பெற்றாலும் பலித்தது. தோற்று, தோழி பரிகாசமாகச் சூட்டிய புல் வளையத்தோடு வந்தாலும் பலித்தது. அவன் இஷ்டத்துக்குத்தான் நடந்தான். ஆனாலும், 'அப்போதே சொன்னார்களே!' என்று மயிர்க்கூச்செறிந்து நிற்பான். விதியும் பிழைத்தது, விளையாட்டும் பிழைத்தது.

செத்தவன் என்ன செய்வான்?

இரண்டாவது சங்கடம் இன்னும் பெரிது. சண்டை என்றால் சிலர் 'சாக' வேண்டும். காலை பத்து மணிக்கே செத்துப்போன சிறுவன் மாலை வரை மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களை வேடிக்கை பார்ப்பதா? இந்த ஜாதி விளையாட்டுகள் பலவற்றைக் கெடுப்பது இதுதான்.

கிரேக்கர்களோ செத்தவர்களுக்கென்று ஒரு முழு உலகத்தையே சமைத்து வைத்திருக்கிறார்கள். ஹேடிஸ் என்பவன் அதன் அரசன். நதிக்கரையில் காரோன் என்ற ஓடக்காரன் காசு கேட்டுக் காத்திருப்பான். அதற்காகத்தான் பிணத்தின் வாயில் நாணயம் வைத்து அனுப்பினார்கள். லீதே நதியின் நீரைக் குடித்தால் பழையதெல்லாம் மறந்துவிடும். ஆர்ஃபியஸ் இசை பாடி மனைவியை மீட்கப் போனதும், திரும்பிப் பார்த்து அவளை இழந்ததும் அங்கேதான்.

இவ்வளவும் அச்சு அசலான விளையாட்டு விதிகள் அல்லவா! தோப்பின் ஓரத்தில் கறுப்புத் துணி கட்டிப் பாதாளம் அமைக்கலாம். செத்தவன் அங்கே போகிறான். கையில் நாணயம் இருந்தால் ஓடம் ஏறலாம். இல்லாவிட்டால் ஓடக்காரனை ஒரு கதை சொல்லி மசிய வைக்க வேண்டும். லீதே நீராக எலுமிச்சை ரசம் குடித்தால் வேறு வேஷத்தில் பிறக்கலாம். உயிரோடிருக்கும் தோழன் வந்து, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் முன்னே நடந்தால், பின்னாலேயே வந்து பழைய வேஷத்தில் உயிர் பெறலாம். பாதாளத்தில்தான் அதிக சுவாரஸ்யம் என்று வேண்டுமென்றே சாகிற பிள்ளைகள் கிளம்பிவிடுவார்களோ என்பதுதான் பயம்!

மெடூசாவும் இப்படியே. அவள் கண்ணைப் பார்த்தவன் நூறு எண்ணும்வரை கல்லாய் நிற்க வேண்டும். கண்ணாடிக் கேடயத்தில் அவள் பிம்பத்தைப் பார்த்தபடி நெருங்குகிறவன் தப்பலாம். பெர்சியஸ் செய்ததும் அதுதானே? மினோட்டார் இருக்கும் புதிர்ப்பாதைக்குப் பழைய போர்வைகளும் கயிறும் போதும்; வழி காட்ட அரியாட்னி கொடுத்த நூல் உருண்டை ஒன்று.

அடி படாமல் அடிப்பது

தேவர்கள் ஆடினாலும் முழங்கால் மனிதருடையது. ஆகவே பாதுகாப்பு விதிகள் கண்டிப்பானவை. வாளுக்குள் இருப்பது மெல்லிய குழாய். அதன்மேல் தடித்த நுரை, அதற்கும் மேல் துணி நாடா. தலை, கழுத்து முதலிய இடங்களில் அடிக்கக் கூடாது. கையில் பட்டால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொள்ள வேண்டும். அடி பட்டதா இல்லையா என்று பட்டவனேதான் சொல்ல வேண்டும்; நடுவர் இல்லை. நேர்மை கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த வகுப்பு கிடையாது.

நிறுத்தச் சொல்லும் ஒரு வார்த்தையும் உண்டு. அதை யார் உச்சரித்தாலும் அந்தக் கணமே தேவர், அரக்கர் எல்லோரும் மனிதராகிவிட வேண்டும். வடநாட்டார் இதற்கு 'கட்' என்கிறார்கள். உண்மையாகவே கால் சுளுக்கியவனின் அலறலை நடிப்பு என்று எண்ணிவிட்டால் என்ன ஆவது? ஆஸ்டினில் ஜூலை மாத வெயில் சாதாரணமாக 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அங்கே ஜீயஸின் இடியைவிடத் தண்ணீர்ப் பானையின் இடம் முக்கியம்.

புராணத்தில் எதை விடுவது என்பதும் பாதுகாப்பைச் சேர்ந்ததே. பெண்களைக் கவர்ந்து செல்வதும், பெற்ற பிள்ளைகளை விழுங்குவதும் அந்தக் கதைகளில் ஏராளம். பத்து வயதுப் பிள்ளை நடிக்க வேண்டியவை அல்ல அவை.

எல்லோரும் ஜீயஸ் பிள்ளையானால்?

எல்லாவற்றிலும் கடினமான கேள்விக்கு இப்போது வருகிறோம். முப்பது சிறுவர்கள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "நீ எந்தத் தேவனின் பிள்ளை?" என்று கேட்டால், பாதிக்கு மேல் ஜீயஸ், பொசைடன் என்பார்கள். வானத்துக்கு அத்தனை வாரிசுகள் இருந்தால் வயலுக்கும் உலைக்களத்துக்கும் யார் இருப்பது? பிடித்தவர்களுக்குப் பிடித்ததைக் கொடுத்துவிட்டு, ஒதுங்கி நிற்கும் சிறுவனிடம் மிச்சத்தை நீட்டினால், பள்ளிக்கூட மைதானத்தில் எப்போதும் நடப்பதுதான் இங்கேயும் நடக்கும். கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறவன் இங்கேயும் கடைசிதான்.

ரியோர்டன் இதை அறிந்தவர். அவர் கதையில் எந்தத் தேவனும் 'என் பிள்ளை' என்று உரிமை கொண்டாடாத குழந்தைகள் ஹெர்மிஸின் விடுதியில் இடநெருக்கடியில் கிடக்கிறார்கள். 2009-இல் வெளிவந்த ஐந்தாம் புத்தகத்தின் முடிவில், தேவர்கள் கதாநாயகனுக்கு அமரத்துவம் தர முன்வருகிறார்கள். அவன் அதை மறுத்து, உங்கள் பிள்ளைகள் அனைவரையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வரம் கேட்கிறான். ஐந்து புத்தகங்களில் அவன் செய்த வீரச் செயல்களில் இதுவே பெரிது என்பது நம் அபிப்பிராயம்.

நல்ல திட்டக்காரர் முதல் நாள் எவருக்கும் தேவனை ஒதுக்க மாட்டார், கவனிப்பார். தோழனின் சிராய்ப்புக்குக் கட்டுப் போட்டவன் மருத்துவத் தேவன் அப்போலோவின் பிள்ளை. அறுந்த கேடய வாரை முடிந்து கொடுத்தவள் ஹெஃபீஸ்டஸின் மகள். அந்தத் தேவன் கால் ஊனமுற்றவன். ஆனால் மாவீரன் அக்கிலீஸுக்குக் கவசம் அடித்துத் தந்தவன் அவன்தான். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பகிர்ந்தவன் தானியத் தேவி டிமீட்டருக்கு உரியவன். எல்லோரும் ஓடும்போது நின்று யோசித்தவள் அதீனாவின் பெண். மாலையில் தீ மூட்டி, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி அழைத்து, அவர்கள் செய்ததைச் சபையில் எடுத்துரைத்து, 'நீ இன்னாருடைய பிள்ளை' என்று அறிவித்தால் எப்படி இருக்கும்! தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று எண்ணியிருந்த பிள்ளைக்கு அந்தக் கணம் சாமானியமானதா?

இதோடு வேலை முடிந்துவிடாது. திட்டக்காரர் ஒரு தாளை எடுத்து எல்லாச் சிறுவர்களின் பெயரையும் எழுத வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கேள்விக்கு விடை எழுத வேண்டும்: நாளைக்கு இந்தப் பிள்ளை வராவிட்டால் கதையில் எது நின்றுபோகும்? ஒருவனுக்கு மட்டுமே தெரிந்த இரகசியம், ஒருத்தியிடம் மட்டுமே உள்ள நாணயம், ஒருவன் மட்டுமே படிக்கக்கூடிய கிரேக்க எழுத்து என்று ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும். ஒரு பெயருக்கு எதிரே இடம் வெறுமையாக இருந்தாலும் திட்டம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். முகமூடிகளையும் வாள்களையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முகாம் முடிந்து வீடு திரும்பும் சிறுவனுக்கு மறுநாளும் எழுத்துக்கள் தாறுமாறாகத்தான் தெரியும். கணக்கும் வராமல் போகலாம். ஆனால் தான் இல்லாவிட்டால் ஒரு கதை நின்று போயிருக்கும் என்பதை அவன் அறிவான். கிரேக்கத்தின் பன்னிரண்டு தேவர்களும் சேர்ந்து கொடுத்தாலும் இதைவிடப் பெரிய வரம் ஒரு பிள்ளைக்கு வேறு என்ன வேண்டும்?