பிள்ளைக் காம்பராவில் ஊசி யாருக்கு?

பிள்ளைக்குத்தானே ஊசி, பெரியவர்களுக்கு எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். பிள்ளைக் காம்பரா ஆயாம்மாவும் முன்பள்ளி ஆசிரியையும் ஏன் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறோம்.

நமது நாட்டில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசி பிள்ளைக்கு 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படுகிறது. ஆனால் தாய் கொழுந்தெடுக்கத் திரும்பும்போது பிள்ளைக்குப் பெரும்பாலும் மூன்று நான்கு மாதம்தான். அப்படியானால் காம்பராவுக்கு வரும் கைக்குழந்தைக்குப் பல மாதங்கள் இந்த ஊசியின் பாதுகாப்பு கிடையாது. அதைத் தூக்கி, பால் கொடுத்து, தொட்டிலில் ஆட்டும் பெரியவர்களுக்கு நோய் வராமல் இருப்பதே அந்தப் பிள்ளைக்கு வேலி.

சின்னமுத்து எப்படிப் பரவுகிறது?

இருமல், தும்மல் வழியாகக் காற்றில் பரவுகிறது. நோயாளி வெளியே போன பிறகும் இரண்டு மணித்தியாலம் வரை கிருமி அந்த அறையில் இருக்கும். பாதுகாப்பு இல்லாத 10 பேர் நோயாளியோடு நெருங்கிப் பழகினால் 9 பேருக்குத் தொற்றும். உடம்பில் முத்து தெரிவதற்கு நான்கு நாள் முன்பே பரவத் தொடங்குவதால், “காய்ச்சல்தானே” என்று வேலைக்கு வருபவர் அறியாமலே பரப்பிவிடலாம். கைக்குழந்தைக்கு இது சளிக் காய்ச்சலாக முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம்.

இலங்கையில் சின்னமுத்து ஒழிந்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் 2023இல் நோய் மறுபடி தலைகாட்டியது. பிடிபட்டவர்களில் 9 மாதம் ஆகாத குழந்தைகளும் இருந்தார்கள், 20 வயதைத் தாண்டியவர்களும் இருந்தார்கள்.

“சின்ன வயசுல போட்டாச்சே!”

நமது நாட்டில் சின்னமுத்து ஊசி 1984இல் வந்தது. இரண்டாவது ஊசி 2001இல்தான் சேர்ந்தது. அதனால் இன்று 30 வயது கடந்த சிலருக்கு ஒரே ஊசிதான் கிடைத்திருக்கும். அட்டை தொலைந்து, போட்டதா இல்லையா என்று தெரியாவிட்டால், இன்னொரு ஊசி போடுவதால் கெடுதல் இல்லை.

“அம்மா போட்டா ஊசி கூடாதே?”

வேப்பிலை கட்டுவதையும் மஞ்சள் நீர் தெளிப்பதையும் யாரும் தடுக்கவில்லை. அது நமது வழக்கம். ஆனால் முத்து கண்டவரை உடனே டொக்டரிடம் காட்ட வேண்டும். முத்து தெரிந்து நான்கு நாள் கழியும் வரை அவர் காம்பராப் பக்கம் வரக் கூடாது. ஊசி நோய் வருமுன் போடுவது. அதில் தெய்வக் குற்றம் ஏதும் இல்லை.

இளம் பெண்களுக்கு

கர்ப்பத்தின் முதல் மாதங்களில் ருபெல்லா வந்தால் பிறக்கும் பிள்ளையின் கண், காது, இருதயம் பழுதாகலாம். காம்பராவில் வேலை செய்யும் இளம் பெண்களுக்கு இந்த ஊசி தங்கள் பிள்ளைக்கும் காவல். கர்ப்பமாக இருப்பவர்கள் இதைப் போடக் கூடாது. போட்ட பின் குறைந்தது ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். பால் கொடுக்கும் தாய்மார் போடலாம். கை வலி, ஒரு வாரம் கழித்து லேசான காய்ச்சல் வரலாம், தானாகவே சரியாகிவிடும்.

நாம் செய்ய வேண்டியவை

ஆயாம்மாமாரும் ஆசிரியைகளும் பழைய அட்டையை எடுத்துக்கொண்டு குடும்பநல மாதுவிடமோ சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்திலோ கேளுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஊசிக்குக் காசு இல்லை. ஊசிக்குப் போகும் நாளில் அவர்களது சம்பளத்தில் கைவைக்க வேண்டாம் என்று தோட்ட நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு நாள் சம்பளம் போகுமென்றால் யார்தான் கிளினிக்குக்குப் போவார்கள்? காம்பராவில் நோய் பரவினால் பிள்ளையைப் பார்க்க வீட்டில் நிற்கும் தாய்க்கும் பேர் இல்லாமல் போகும்.

தாய்மாரே, “அக்கா, நீங்க ஊசி போட்டாச்சா?” என்று ஆயாம்மாவிடம் கேட்கத் தயங்காதீர்கள். அது குறை சொல்வதல்ல. உங்கள் பிள்ளை மேல் உள்ள அக்கறை. உங்கள் பிள்ளைக்கு 9 மாத ஊசி போட்டாயிற்றா என்று அவரும் கேட்கட்டும்.